இரண்டு ஊர் தைத்த கறுப்புக் கோட்டு

பாரிஸின் லா சப்பலில் என்னைத் தெரிந்தவர்களில் அரைவாசிப் பேர், நான் காற்சட்டைக் கரை மடித்துத் தைத்தே பென்சன் எடுத்தவன் என்று நினைக்கிறார்கள். அங்கே ரூ பெர்தொனேத் தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போதே, "தவம் அண்ணை, இந்த ஜீன்ஸை ரெண்டு இஞ்சி குறைச்சுத் தாங்கோவன்" என்று பையை நீட்டுவார்கள். நானும் வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொடுத்துவிடுவேன். விளக்கம் சொல்லப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

உண்மையில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தது நாடகங்களுக்கும் படங்களுக்கும் உடுப்புத் தைக்கிற ஓர் இடத்தில். அத்தெலியே என்று சொல்வோம். ஸ்டாலின்கிராட் என்கிற மெத்ரோ ஸ்டேசன் மேம்பாலத்திலிருந்து ஐந்து நிமிஷ நடை. முந்நூறு வருஷத்துக்கு முந்திய ராசா உடுப்பும் தைத்திருக்கிறேன், போன வருஷத்துப் பொலிஸ்காரர் உடுப்பும் தைத்திருக்கிறேன்.

போன மாதம் அங்கே புதிதாகப் பொறுப்பெடுத்த பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். உடம்பை அளக்கிற மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். நடுவில் போய் நின்றால் சுற்றிவரக் கமெராக்கள் பார்த்து ஒரு நிமிஷத்தில் எல்லா அளவும் சொல்லிவிடும். கையால் அளந்த காலத்து முறைகளை இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு மெஷினைப் பார்க்க ஆசை. போய் நானே ஏறி நின்றேன். என் இடுப்பு, நான் மனைவிக்குச் சொல்லி வைத்திருப்பதைவிட நாலு சென்ரிமீற்றர் கூட என்றது. சரியாகத்தான் சொன்னது.

இரண்டு பக்கம் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு கோட்டின் கதை அந்த இரண்டு பக்கத்துக்குள் அடங்கவில்லை. அதைத் தமிழில்தான் எழுத வந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டுவிட்டேன்.

தொழில் பழகிய கதை சின்னது. நெல்லியடியில் ஒரு தையற்கடையில் மூன்று வருஷம். பிறகு பாரிஸ் வந்து, ஒரே மாதிரியான சட்டைக் கையை நாளுக்கு நூற்றுக்கணக்கில் பொருத்துகிற பட்டறைகளில் ஆறு வருஷம். அதற்குப் பிறகு ஒருநாள், கையால் தைக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அந்த அத்தெலியேக்குப் போனேன். மதாம் ஓடில் என் முன்னால் ஒரு துண்டுத் துணியை வைத்து, "ஒரு தெறிக்கு ஓட்டை தைத்துக் காட்டுங்கள்" என்றார். எங்கள் ஊரில் தெறி என்றால் பொத்தான். தைத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். "திங்கட்கிழமை வாருங்கள்."

மதாம் ஓடில்தான் அங்கே தலைமை. மெலிந்த உருவம், கழுத்தில் நூல் கட்டிய கண்ணாடி. அவர் ஒரு ஆளை அளக்கிறதைப் பார்க்க வேண்டும். நாடாவை எடுக்கும் முன் இரண்டு கையையும் உரசிச் சூடாக்குவார். "இப்போது தோளைத் தொடப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தோளைத் தொடுவார். "இப்போது முதுகு." அளவை மெல்லிய குரலில் சொல்லுவார், நான் அட்டையில் எழுதுவேன். இடது வேறாக, வலது வேறாக. வேறு ஒரு சொல் எழுதக் கூடாது. தொடக்கத்தில் ஒருநாள் "கட்டைக் கழுத்து" என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். அதை அழிறப்பரால் அழித்துவிட்டுச் சொன்னார்: "உடம்புக்கு இலக்கம்தான் உண்டு, தவா. பட்டம் கிடையாது."

நான் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டாம் வருஷம், ஒரு வயதான நடிகர் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மேடை ஏறுகிறார் என்பதை அளக்கும்போது கண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்து மேசைக்காரருக்குப் பகிடியாகச் சொன்னேன். நாலு நாளில் அது அந்த நடிகரின் காதுக்கே போய்விட்டது. அவர் அடுத்த தடவை உடுப்புப் போட்டுப் பார்க்க வரவில்லை. மதாம் ஓடில் என்னைக் கூப்பிட்டார். ஏசவில்லை. "ஒரு வருஷத்துக்கு நீங்கள் யாரையும் அளக்க வேண்டாம்" என்றார். ஒரு வருஷம் தெறி ஓட்டைதான் தைத்தேன். அளந்த அன்று அந்த மனிதர் கண்ணாடி முன்னால் நின்று கட்டை அவிழ்க்கும்போது என்னைப் பார்த்த பார்வை, ஒவ்வொரு ஓட்டை தைக்கும்போதும் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் மதாம் லூர்து வந்தார்.

பாண்டிச்சேரிக்காரர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதை எட்டிப் பிடிக்கிற வயதிலும் கொண்டை கலையாமல், கைத்தடி இல்லாமல் நடப்பார். ரூ பெர்தொனேயில் பிளவுஸ் தைக்கிறவர் ஒருவர், "இதை நான் தொடமாட்டன், தவம் அண்ணையிட்டைக் கொண்டுபோங்கோ" என்று அனுப்பியிருக்கிறார். அது ஓகஸ்ட் மாதம். நாடக வேலைகள் இல்லாத காலத்தில் மதாம் ஓடில் வெளி வேலை எடுக்க விடுவார்.

மதாம் லூர்து தனியே வரவில்லை. மகன் மிஷேல், மருமகள் ரீத்தா, பேத்தி எலோடி எல்லோரும் புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். எலோடிக்குப் பதினைந்து வயது. வெளியே வெயில் கொளுத்துகிறது, அந்தப் பிள்ளை முழங்கால் வரை தொங்குகிற தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தது. உட்கார்ந்தபோது சட்டைக்குள் பிளாஸ்டிக் முட்டுப்பட்ட சத்தம் கேட்டது. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகள் போடுகிற கோர்செ. நாங்கள் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

மதாம் லூர்து மேசையில் ஒரு கறுப்புக் கோட்டை விரித்தார். பக்கத்தில் ஒரு பழைய ஸ்ரூடியோப் படம். தலைப்பாகை, வேட்டி, மேலே அந்தக் கோட்டு, ஒரு கை நாற்காலி முதுகில். நிமிர்ந்து நிற்கிற ஒரு மனிதர்.

"எங்க தாத்தாங்க மிஸ்யூ. பாண்டிச்சேரி கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு. இந்தக் கோட்டு பாரீஸ் கோட்டு, கப்பல்ல வந்தது. லேபிள் பாருங்க. எனக்கு எண்பது வயசு ஆவறப்ப குடும்பம் பூரா சேர்ந்து படம் எடுக்கறோம். இதே மாதிரி என் மவனுக்கு ஒண்ணு வேணும். அதே நாற்காலி வச்சு, அதே மாதிரி நிக்கப் போறான்."

பிறகு படத்தைத் தட்டிச் சொன்னார். "எங்க வம்சத்துல எல்லாரும் இப்படித்தான். தேக்கு மரம். ஒருத்தருக்கும் முதுகு கோணலா இருந்ததில்ல." சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை. ரீத்தா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலோடி காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

மற்றவர்கள் படியிறங்கும்போது ரீத்தா குடையை மறந்ததுபோல் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தப்பா நினைச்சுக்காதீங்க மிஸ்யூ. அத்தை நல்லவங்கதான். ஆனா எங்க அப்பா சாவுக்கு வந்தப்போ, எங்க சொந்தக்காரங்க முதுகை ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு நின்னாங்க. எலோடிக்கு யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க."

"குடை இஞ்சை கிடக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பழைய உடுப்பைப் பிரிக்காமலே படி எடுக்கிற முறை ஒன்று உண்டு. முதலில் அதை ஓர் உடற்பொம்மைக்குப் போட்டு, நெசவு எப்படி ஓடுகிறது என்று வெள்ளை நூலால் கோடு போட வேண்டும். பிறகு மெல்லிய தாளை மேலே வைத்துத் தையல் தையலாக ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். நான் கோட்டைப் பொம்மைக்குப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. வலது முதுகில் துணி பை மாதிரித் தொங்கியது. கீழ்க்கரை வலப்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. இடது தோள் உள்ளே ஏதோ முட்டுக் கொடுத்ததுபோல் தூக்கி நின்றது.

"பாரிஸ் கோட்டாம்" என்று மதாம் ஓடிலுக்குச் சொன்னேன். "வெட்டத் தெரியாத ஆள் வெட்டியிருக்கிறார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதரம் சுற்றி வந்தார். "அந்தத் தையற்காரர் முட்டாள் என்று முடிவெடுக்கும் முன், உங்கள் பொம்மை முட்டாளா என்று பாருங்கள்."

அந்தச் சொல்லோடு எனக்குள் ஆவல் பற்றிக்கொண்டது. பொம்மைக்குப் பஞ்சு வைத்துக் கட்டத் தொடங்கினேன். துணி தொய்கிற இடத்தில் பஞ்சு, இறுக்குகிற இடத்தில் குறைப்பு. கோட்டைப் போடுவேன், பார்ப்பேன், கழற்றுவேன், இன்னும் ஒரு பிடி வைப்பேன். மூன்று நாள். வலது தோள்பட்டை எலும்பு இருக்கும் இடம் மேடாகிக்கொண்டே போனது. இடது தோள் தாழ்ந்தது. இடுப்பு ஒரு பக்கம் தள்ளியது. மூன்றாம் நாள் பின்னேரம் கோட்டைப் போட்டேன். ஒரு சுருக்கம் இல்லாமல், படத்தில் இருந்ததுபோலவே நேராக விழுந்தது. கழற்றினேன். பொம்மையில் வளைந்த முதுகு ஒன்று நின்றது.

அதற்குப் பிறகு கோட்டின் உள்பக்கத்தை விளக்குக்குக் கீழே வைத்துப் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத் தையலும் கைத் தையலும் மெஷினில் ஓடியவை, ஒரே சீர். ஆயத்த உடுப்பாகப் பாரிஸில் தைத்துக் கப்பலில் போனது என்று மதாம் லூர்து சொன்னது பொய்யில்லை. ஆனால் முதுகுத் தையலை யாரோ பிரித்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஒரு நீளத் துண்டைப் புகுத்தியிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குத் துணி கோட்டின் முன்பக்க உள்மடிப்பிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. அப்படி எடுத்தால்தான் கறுப்பு ஒத்துப்போகும். எடுத்த இடத்தில் வேறு துணி வைத்து அடைத்திருக்கிறார்கள். எல்லாம் கைத் தையல், அவ்வளவு நெருக்கம். இடது தோளுக்குள் பஞ்சு மெத்தை. அதன் உறை பழைய வேட்டித் துணி, ஓரத்தில் கரை தெரிந்தது. வலது கீழ்க்கரையைத் தடவினால் மூன்று சின்ன, தட்டையான கனங்கள். ஒரு தையலைத் தளர்த்திப் பார்த்தேன். மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டு, சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கியது. தூக்குகிற பக்கத்தை இழுத்துப் பிடிக்க.

பாரிஸில் யாரும் கோட்டுக்குள் வலை ஈயம் வைக்கமாட்டார்கள். இது பாண்டிச்சேரியில் ஒரு தையற்காரரின் கை.

சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்த மனிதரைப் பற்றியே யோசித்தேன். கப்பலில் வந்த கோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிற ஒரு துணிக்கடை. பின்பக்கம் வெளிச்சம் விழுகிற இடத்தில் இவர் பாயில் உட்கார்ந்து தைத்திருப்பார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் எந்த நேரம் வந்திருப்பார்? கடையில் சனம் இல்லாத நேரம் பார்த்தா? வாய்விட்டுக் கேட்டிருப்பாரா, இல்லை இவர் முதுகில் ஒருதரம் கையை ஓட்டிவிட்டுத் தானாக விளங்கிக்கொண்டாரா? அளவு எழுதி வைத்தாரா? எழுதினால் என்னவென்று எழுதியிருப்பார்? ஈயம் வைக்கிற யோசனை எங்கிருந்து வந்தது, வீட்டில் வலை இருந்ததா? ஒன்று மட்டும் தெரிந்தது. இருவரும் வெளியே சொல்லவில்லை. சொந்தப் பேத்தி மதாம் லூர்துக்கே தெரியாத அளவுக்கு அது காப்பாற்றப்பட்டிருந்தது.

மதாம் ஓடிலிடம் போனேன். ரீத்தா சொன்னதையும் சொன்னேன்.

"அந்தக் குடும்பத்துக்கு இதைச் சொல்ல வேணும்" என்றேன்.

"அவர் மறைக்கச் சொன்னார். ஒரு தையற்காரர் மறைத்தார். இன்னொரு தையற்காரர் திறப்பதா?"

"அவர் செத்து எவ்வளவோ காலம், மதாம். அந்தத் தாயும் பிள்ளையும் உயிரோடை இருக்கினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம் வைத்தியர்கள் இல்லை. முதுகு வருத்தம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு கோட்டு சொல்லாது. மகனுக்குக் கோட்டைத் தையுங்கள். பொம்மையை வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள்." பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

மிஷேலின் அளவுக்கு, பழைய வெட்டில் கோட்டைத் தைத்தேன். போட்டுப் பார்க்க நாலு பேரும் திரும்ப வந்த காலையில், பொம்மை யன்னலோரம் நின்றது. மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மணி பார்த்துப் பார்த்து, மூடாமல் விட்டேன். அவர்கள் உள்ளே வரும் நேரம் மதாம் ஓடில் அதைக் கண்டார். வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. துணியை நாலாக மடித்துத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

மிஷேல் கண்ணாடி முன்னால் நின்றார். மதாம் லூர்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எலோடி அலுத்துப்போய் யன்னல் பக்கம் நடந்தாள். நடந்தவள் நின்றாள். காதிலிருந்ததைக் கழற்றினாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் சட்டைக்கு மேலால் வலது முதுகைத் தொட்டாள். மற்றக் கையால் பொம்மையின் வலது முதுகைத் தொட்டாள்.

"பாட்டி, இது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "அது ஏதோ பஞ்சு பொம்மை, கண்ணு" என்றார் மதாம் லூர்து.

"உங்கடை தாத்தாவின்ரை கோட்டு நேராத் தொங்கிறதுக்கு அந்த முதுகுதான் வேணும், மதாம்" என்றேன்.

அவர் மெல்ல நடந்து வந்தார். "கோட்டைப் போடுங்க." போட்டேன். படத்தில் இருந்த மனிதர் போலவே நின்றது. "கழட்டுங்க." கழற்றினேன். "இன்னொரு தரம் போடுங்க." மூன்று தரம் போட்டுக் கழற்றினேன். பிறகு அவரே கோட்டின் உள்பக்கத்தைக் கேட்டு வாங்கி, புகுத்திய துண்டை, தோள் மெத்தையை, ஈயத்தை, ஒவ்வொன்றாக விரலால் தடவினார். தபால் கந்தோரில் கடிதங்களைத் தரம் பிரித்த விரல், ஒன்றையும் தவறவிடவில்லை.

"தாத்தாவா?" என்றார்.

"நான் டொக்டர் இல்லை மதாம். பிள்ளையின்ரை வருத்தம் எங்கையிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியாது. இதைப் போட்டவரின்ரை முதுகு எப்பிடி எண்டு மட்டும் தெரியும்."

மதாம் லூர்து மருமகளிடம் திரும்பினார். "ரீத்தா, உங்க அப்பா சாவுல நான்..." அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும் அத்தை" என்றார் ரீத்தா. பக்கத்தில் போய் நின்றார். மதாம் லூர்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்; கடைசி வரை விடவில்லை.

எலோடிதான் பேசினாள். இதே மாதிரிக் கோட்டு தனக்குத் தைத்துத் தர வேண்டுமாம். நாற்காலிப் பக்கத்தில் தான் நிற்கப்போகிறாளாம். தகப்பன் சிரித்துக்கொண்டு புதுக் கோட்டைக் கழற்றினார். "ஆனால் எள்ளுத்தாத்தாவுக்கு மறைத்ததுபோல் எனக்கு மறைக்காதீர்கள்" என்றாள்.

அதுதான் என் தொழில் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான வேலை. மறைக்கத் தெரியும். மெத்தை வைக்கத் தெரியும், ஈயம் வைக்கவும் இப்போது கற்றுக்கொண்டேன். மறைக்காமல், அதே நேரம் அழகாக வெட்டுவது எப்படி? தாய் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு இடமும் சொல்லிச் சொல்லித் தொட்டு அளந்தேன். மதாம் ஓடில் எழுதினார். கோர்செ இல்லாமல் இருக்க வைத்தியர் விட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் வெட்டில் முதுகின் நடுத்தையலை நேராக ஓட்டினேன். துணி இழுத்து, சுருங்கி, அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

மதாம் ஓடில் என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, "தையலை ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள்? அது போகிற இடத்துக்குப் போகட்டும்" என்றார்.

மூன்றாவது தடவை நடுத்தையலை அவளுடைய முதுகெலும்பு போகிற வழியிலேயே விட்டேன். மேலே சற்று வலப்பக்கம் வளைந்து, இடுப்புக்குக் கிட்ட இடப்பக்கம் திரும்பி, கீழே இறங்கியது. துணி அமைதியானது. எலோடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்று தன் முதுகை வெகுநேரம் பார்த்தாள். அவள் தன் முதுகைப் பார்ப்பதை ரீத்தா அதற்கு முன் கண்டதில்லையாம். பிறகுதான் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க மதாம் ஓடில் வெள்ளைத் துணி பற்றி ஒரு சொல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டும்போது, "ஒரு தடவைதான், தவா" என்றார். "ஒரு தடவைதான், மதாம்" என்றேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு படங்கள். முதலாவதில் குடும்பம் முழுவதும் கமெராவைப் பார்த்து நிற்கிறது. நடுவில் மதாம் லூர்து, நாற்காலியில் கை வைத்தபடி கறுப்புக் கோட்டோடு எலோடி. இரண்டாவது படத்தில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படத்தின் பின்பக்கத்தில் பாட்டியின் கையெழுத்தில் ஒரு வரி: "எம்பேத்தி சொன்னா, செஞ்சோம். நீங்க பாக்கணும்னு."

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்து வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழக்கம் விடவில்லை. மிஷேலுக்கு இடது தோள் சரிவு. மதாம் லூர்துவுக்கு இடுப்பு ஒரு பக்கம். ஒரு மச்சானுக்குக் கழுத்து முன்னுக்கு. பதினான்கு முதுகுகள். அளவு நாடாவோடு போய் நின்றால், நேரான முதுகு என்று நான் எழுதக்கூடியது ஒன்றுகூட இல்லை.